மஞ்சு குடித்த ஃபியட்

மூடுபாறையில் மஞ்சு இறங்காமல் போன வருசம் என்று சொன்னால் போதும், அந்த மலையில் யாருக்கும் வேறு அடையாளம் வேண்டாம். அந்த வருசம் கல்யாணம் முடித்தவர்களும், பிள்ளை பெற்றவர்களும், வீட்டுக்குத் தகரம் மாற்றியவர்களும் இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். மஞ்சு என்கிற அந்த மலைப் பனிமூட்டம் ஒன்றும் வராமல் இருந்துவிடவில்லை. அது வழக்கம்போல மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளத்திலிருந்து ஏறித்தான் வந்தது, யூகலிப்டஸ் தோப்பைத் தாண்டித்தான் வந்தது, மாதா கோயில் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றித்தான் வந்தது. வந்து, டாக்சி ஓட்டுகிற இன்னாசியின் வாசலில் நின்ற பச்சை ஃபியட் காரின் பானட்டுக்குள் நூல் மாதிரி இறங்கிப் போய்விட்டது.

அந்தக் காரில் எது போனாலும் இன்னாசி பொறுத்துக்கொள்வார். ஹாரன் ஊமையானால் வாயால் சத்தம் கொடுத்துக்கொண்டு போவார், வைப்பர் நின்றுபோனால் கையை வெளியே விட்டுத் துடைத்துக்கொள்வார். பிரேக் ஆயிலில் மட்டும் அவரிடம் ஒரு பேச்சும் எடுபடாது. ஒரு தடவை வாய் திறந்த டின்னை மறுபடி தொட மாட்டார். மஞ்சு நேரத்தில் பானட்டுக்குள் இருக்கிற ஆயில் டப்பாவின் மூடியைத் திறக்க மாட்டார். ஒரு வருசம் விட்டு ஒரு வருசம், மழைக்கு முன்னால், பழசை எல்லாம் வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுவார். ஊற்றும்போது பக்கத்துத் தகட்டில் கனமான துணியைப் போர்த்தி வைப்பார், ஏனென்றால் அந்த எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் தோல் தோலாக உரிந்துவிடும். "அது ஈரத்துக்கு அலையிற எண்ணெய்," என்பார் காரில் ஏறுகிற எல்லாரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். "காத்துல இருக்கிற தண்ணியைத் திருடிக் குடிச்சு வச்சுக்கும். மலை இறங்கும்போது பிரேக் சூடேறும், குடிச்ச தண்ணி கொதிக்கும், கொதிச்சா ஆவி. ஆவியை மிதிச்சா காலு தரைக்குப் போகும், நாம பள்ளத்துக்குப் போவோம்."

இப்படிச் சொன்ன மனுசன்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். வழிப்பயணிகளின் காவலரான கிறிஸ்தோபர் திருநாள் அன்று ஊர் வண்டிகளை எல்லாம் கோயில் முன்னால் நிறுத்தி மந்திரிப்பது மூடுபாறை வழக்கம். பங்குச் சாமியார் ஜீப்புக்கும் பால் வண்டிக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டே ஃபியட்டுக்கு வந்தபோது, இன்னாசி பானட்டைத் தூக்கிப் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியையும் திறந்துவிட்டார்.

"மேலே தெளிச்சா பெயிண்டுக்குத்தான் ஆசீர்வாதம் சாமி. வண்டியோட உயிரு இங்க இருக்கு."

சாமியார் கையை நிறுத்தினார். "இதுல தண்ணி படக்கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறது நீதானே இன்னாசி?"

"தண்ணிதான் சாமி படக்கூடாது. இது தீர்த்தம்ல."

சாமியார் கையை உதற, டப்பாவுக்குள் மூன்று சொட்டு விழுந்தது. அதுவரைக்கும் திருட்டுத்தனமாகக் குடித்துக்கொண்டிருந்த எண்ணெய் அன்றைக்கு மத்தியானத்திலிருந்து ஊர் பார்க்கக் குடிக்கத் தொடங்கியது.

வீட்டு வாசலில் தோளில் துண்டோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னாசி, "குடிக்குது," என்றார்.

படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி மதலேன் தலையை நிமிர்த்தவில்லை. "குடிச்சிட்டுப் போகட்டும்," என்றாள்.

மதலேனுக்கு நெஞ்சில் இழுப்பு. மஞ்சு ஏறினால் அவளுக்கு மூச்சு ஏறாது. தண்ணீர்க் குழாய்வரை போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், இன்னாசி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவர். அன்றைக்கு அவள் குழாய்க்குப் போய்க் குடத்தை நிறைத்து, நிற்காமல் திரும்பி வந்து, வந்த வேகத்தில் இன்னாசியைத் திட்டவும் திட்டினாள். இடையில் மூச்சு வாங்காமல் அவள் திட்டி அவர் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் பெரிய விசயம். முதலில் வந்தவள் அப்பளம் போடுகிற சிந்தாமணி. "அண்ணே, உங்க கார் மேல கொஞ்சம் காய வச்சுக்கிறட்டா?" என்று கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் காரின் கூரை முழுக்க அப்பளத்தைப் பரப்பிவிட்டாள். பின்னால் பேக்கரி உசேன் பாய் ரஸ்க் தட்டுகளோடு வந்தார். மூடுபாறையில் ரஸ்க் என்றால் மறுநாளே பன் மாதிரி ஆகிவிடும் என்ற கெட்டபெயரை அந்த வருசம்தான் அவர் துடைத்தார். காருக்கு நாலு பக்கமும் ஒரு தெரு அகலத்துக்கு ஈரம் என்ற ஒன்று இல்லாமல் போனது. தீக்குச்சி முதல் உரசலிலேயே பற்றியது. உப்பு ஜாடியிலிருந்து உப்பு மணல் மாதிரிக் கொட்டியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சட்டைகள் பானட்டிலும், கம்பளிகள் டிக்கியிலும், பூசணம் பிடித்த கல்யாண ஆல்பங்கள் பின் சீட்டிலும் காய்ந்தன. பூண்டுக்காரர்கள் கண்ணாடி ஓரம் எல்லாம் பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிட்டதில் ஃபியட்டுக்குப் பூண்டு வாடை நிரந்தரமாகிவிட்டது. மஞ்சை நம்பிக் காதலித்தவர்களுக்கு ஒளிய இடம் இல்லாமல், ஒன்று கல்யாணம் செய்துகொண்டார்கள், இல்லாவிட்டால் வேறு வேலையைப் பார்த்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் மட்டும் சண்டைக்கு வந்தார்கள், எங்கள் பங்கு மஞ்சையும் சேர்த்து உங்கள் கார் குடிக்கிறது என்று; அவர்களுக்கு வியாழக்கிழமை வியாழக்கிழமை மிளகு காய வைத்துக்கொள்ள இடம் கொடுத்துச் சமாதானம் பேசி அனுப்பினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சாமியாரும் அதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை, வெள்ளை அங்கியை மட்டும் சனிக்கிழமைகளில் கொடுத்தனுப்பினார்.

இன்னாசிக்கு மட்டும் தெரியும், இதற்கெல்லாம் விலை எங்கே ஏறிக்கொண்டிருக்கிறது என்று. தினமும் காலையில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்ப்பார். முதலில் ரப்பர் மாதிரி இருந்தது, பிறகு பஞ்சு மாதிரி ஆனது, பிறகு மிதித்தால் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. தேன் நிறத்தில் இருந்த எண்ணெய் கடுங்காப்பியாகக் கறுத்துவிட்டது. டப்பாவில் காதை வைத்தால் எங்கோ ஓடை ஓடுகிற சத்தம். டயர்கள் நாலும் பாரம் தாங்காமல் சப்பிப்போய் நின்றன, ஒரு மலைக்கான தண்ணீர் அந்தச் சின்னக் குழாய்களுக்குள் இருந்ததால். அவர் காரை ஓட்டுவதை விட்டுவிட்டு, சிந்தாமணியின் புருசனோடு காரட் மூட்டை தூக்கப் போனார். ஊர்க்காரர்கள், "ஆயிலை மாத்திறாதீங்கண்ணே," என்று கும்பிடு போடாத குறையாகச் சொன்னார்கள். சொல்லியிருக்கவே தேவையில்லை. பக்கத்தில் பூனைக்குட்டி கத்தாமல் மதலேன் தூங்குவதைப் பார்க்கிறவர் எந்தக் கையால் அதை மாற்றுவார்?

அப்படி இருக்கும்போதுதான் கீழேயிருந்து ரோசலின் போன் செய்தாள். ஒரே மகள், கீழ்நாட்டில், கண்மாயெல்லாம் வெடித்துக் கிடக்கிற கருவைக்காட்டு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. முந்தின பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இப்போது மறுபடி நிறைமாதம். தாய்வீட்டுக்கு வரவேண்டியவள்தான், ஆனால் மலை வளைவில் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"அம்மா, நீ வந்துரும்மா. போன தடவை நீ இல்லாமத்தான்..." என்று அவள் சொல்லி, மீதியைச் சொல்லாமல் விட்டாள்.

போவதற்கு வழிதான் இல்லை. மழையில் சாலை ஓரம் இடிந்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். சின்ன வண்டிகள் மட்டும் போகலாம். ஊரில் ஜீப் ஓட்டுகிற பால்துரையோடு மதலேன் ஒரு தடவை கிளம்பத்தான் செய்தாள். ஃபியட் உலர்த்தி வைத்த வட்டத்தைத் தாண்டி முதல் வளைவு திரும்புவதற்குள் காரைத் தேடி ஏறி வந்துகொண்டிருந்த மஞ்சு ஜீப்பின் படுதாவுக்குள் புகுந்து அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. பழக்கம் விட்டுப்போன நெஞ்சு, தாங்கவில்லை. உதடு நீலம் பாரித்துப்போன மனுசியைப் பால்துரை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் படுக்க வைத்தான்.

கண்ணாடி ஏற்றிய ஃபியட்டில் அவளை மூச்சோடு கொண்டுபோகலாம், ஆனால் அதற்குப் பிரேக் இல்லை. பிரேக் வேண்டுமென்றால் ஆயிலை மாற்ற வேண்டும், மாற்றினால் குடித்த மஞ்செல்லாம் வெளியே வரும். வாசலில் கூடிய ஊர் இதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது.

உசேன் பாய் ஒரு வழி சொன்னார். "ஆயில் இருக்கிறது இருக்கட்டும் இன்னாசி. காருக்குப் பின்னால வடம் கட்டு. நாங்க அத்தனை பேரும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே அடிவாரம்வரை வர்றோம்."

"தேரா பாய் இழுக்கிறீங்க? மலை முழுங்கின காரு அது. நாலாவது வளைவுல உங்க எல்லாரையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிரும்."

"அப்ப நாங்க அடிவாரத்துக்குச் சீக்கிரம் போயிருவோம்," என்றார் பாய்.

மதலேன் உள்ளேயிருந்து வந்தாள். பழைய சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். வருசம் விட்டு வருசம் பிரேக் ஆயில் மாற்றுகிற நாளில் அவள் கட்டுகிற சேலை. அந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்துக்குக் கீழே படுத்து, எண்ணெய் வடிகிற திருகைத் திறந்து மூட வேண்டும். கல்யாணம் ஆன முதல் வருசத்திலிருந்து மிதிக்கிறவள் அவள்தான்.

"பால்துரை, அடிவாரத்துக் கடையில ஆயில் வாங்கிட்டு வா," என்றாள்.

இன்னாசி அவளை வீட்டுக்குள் கூப்பிட்டார். "உனக்கு மறுபடி இழுப்பு வந்தா?"

"வரும்."

"வழியில ஒண்ணு ஆயிட்டா நான் என்னடி செய்வேன்?"

"மூச்சு எனக்கு என்னைக்குங்க முழுசா இருந்துச்சு? பாதி மூச்சுலதான் உங்களுக்குச் சோறு பொங்கினேன், பாதி மூச்சுலதான் அவளைப் பெத்தேன். இங்க நல்லா மூச்சு விட்டுக்கிட்டு அவ கத்துறதைப் போன்ல கேட்கச் சொல்றீங்களா?"

இன்னாசி கீழே விரிக்கிற சாக்கைத் தேடி எடுக்கப் போனார்.

பால்துரை இரண்டு டின்னோடு வந்தான். கதையைக் கேட்ட கடைக்காரருக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்று வழக்கமான தேன் நிற எண்ணெய். மற்றது ஊதா நிறம். தண்ணீரைத் தொடவே தொடாதாம், பெயிண்டையும் தின்னாதாம், ஊற்றினால் வருசக்கணக்கில் மறந்துவிடலாமாம்.

"தேன் நிறத்தையே ஊத்துங்கண்ணே," என்று சிந்தாமணி அவசரமாகச் சொன்னாள். "அதுதான் என்னைக்காவது மறுபடி குடிக்கும்."

இன்னாசி ஊதா டின்னைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். இனி ஒருநாளும் பள்ளத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்பது அவரைப் போன்ற மனுசனுக்குச் சின்ன ஆசை இல்லை. "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது," என்றார். "இதை ஊத்தணும்னா குழாயெல்லாம் கழுவி, ரப்பரெல்லாம் மாத்தணும். செஞ்சிட்டா நிம்மதி. மதலே, நீ சொல்லு."

மதலேன் இரண்டையும் பார்த்தாள். "இது தண்ணியைத் தொடாதுங்கிறீங்க. அப்ப உள்ள போற தண்ணி எங்க போகும்?"

"கீழ்ப்பக்கமா எங்கயாவது போய்த் தங்கிக்கும்."

"நமக்குத் தெரியாம?"

"தெரியாமத்தான்."

"வேண்டாம். குடிக்கிறதையே ஊத்துங்க. குடிச்சா நிறம் மாறும், பெடல் சொல்லும், நாமளும் மாத்திக்கலாம். உள்ளேயே ஒளிச்சு வச்சுக்கிறது எனக்கு ஆகாது."

ஆக, தேன் நிற எண்ணெய்தான் என்று முடிவானது. வெயில் நன்றாக ஏறிய முற்பகலில், அப்பளமும் ரஸ்க்கும் பூண்டும் இறக்கப்பட்டு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஃபியட் வெறும் காராக நின்றது. மதலேன் டிரைவர் சீட்டில் ஏறினாள். இன்னாசி தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்குகிறவர். இடது பின்சக்கரத்துக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்து, திருகில் ரப்பர் குழாயை மாட்டி, மறு முனையை உசேன் பாய் கொடுத்த பிஸ்கட் ஜாடிக்குள் விட்டார். ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றி நின்றது.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

அவர் திருகைத் திறந்தார். கறுத்த எண்ணெய் கொஞ்சம் வந்தது, பிறகு குமிழி வந்தது, பிறகு மஞ்சு வந்தது. குழாயின் வாயிலிருந்து பஞ்சு மாதிரிப் புறப்பட்டு ஜாடியை நிறைத்து, ஜாடி வழிந்து, சாக்கின் மேல் ஊர்ந்து, நின்றவர்களின் கால்களைச் சுற்றிக்கொண்டு எழுந்தது. கடைசியாகக் குடித்தது முதலில் வந்தது: நேற்றைய மஞ்சு, முந்தாநாள் மஞ்சு, காரட் பிடுங்கின வாரத்து மஞ்சு. கிறிஸ்துமஸ் மஞ்சு வந்தபோது அதற்குள் அன்றைக்கு அடித்த கோயில் மணி கேட்டது; பால்துரையின் தொலைந்துபோன நாய் குரைத்தது கேட்டது, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் திருகை மூடிவிட்டு "விடு" என்று சொல்லும்வரை அவள் காலை எடுக்கக்கூடாது; எடுத்தால் குழாய்க்குள் காற்று ஏறிவிடும், செய்ததெல்லாம் வீணாகிவிடும். அவள் எடுக்கவில்லை.

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

இரண்டாவது சக்கரத்தில் பூனைக்குட்டி கத்தத் தொடங்கியது. மூன்றாவதில் அவள் குரல் பாதியாகி, "பிடி...ச்சிருக்" என்று வந்தது. நாலாவது சக்கரத்துக்குக் கீழே படுத்திருந்த இன்னாசிக்கு எதுவும் தெரியவில்லை, எங்கும் வெள்ளை. தன் கை திருகின் மேல் இருப்பதைக்கூடத் தொட்டுத்தான் தெரிந்துகொண்டார். டப்பாவில் எண்ணெய் குறையாமல் சிந்தாமணி புதுசை ஊற்றிக்கொண்டே இருந்தாள், அழுதுகொண்டே ஊற்றினாள்.

"மதலே, அமுக்கு."

சத்தமில்லை.

"அமுக்கிட்டியா? மதலே?"

வெள்ளைக்குள் எங்கோ இழுப்பு மட்டும் கேட்டது. திறக்கலாமா, விட்டுவிட்டு ஓடிப்போய் அவளைத் தூக்கலாமா என்று அவர் கை தடுமாறிய அந்த நேரத்தில், ஹாரன் அடித்தது. எப்போதோ ஊமையாகிப்போன ஹாரன். அவள் முழங்கையை அதில் ஊன்றியிருந்தாள். பேச மூச்சில்லாதவள் அதை வைத்துப் பதில் சொன்னாள். இன்னாசி திறந்தார். கிறிஸ்தோபர் திருநாள் மத்தியானத்து முதல் மஞ்சு வெளியேறியது, அதன் பின்னாலேயே மூன்று சொட்டுத் தெளிந்த தண்ணீர் வந்தது, அதற்குப் பின் தேன் நிறம், தேன் நிறம், தேன் நிறம் மட்டும்.

"விடு," என்றார். "விடு தாயி. முடிஞ்சது."

ஈர வேட்டியோடு ஓடிப்போய் அவளை நகர்த்தி உட்கார வைத்து, கண்ணாடிகளை ஏற்றி, மூடியை இறுக்கி, பெடலை மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. பாரம் போய்ப் பழைய உயரத்துக்கு எழும்பியிருந்த கார் அந்தக் கணமே கிளம்பியது. ஊர்க்காரர்கள் கையைக் கோத்துக்கொண்டு மஞ்சுக்குள் வரிசையாக நின்று, இங்கே ஓரம், இங்கே ஓரம் என்று குரல் கொடுத்துக் கடைசி வீடுவரை வழி காட்டினார்கள். முதல் வளைவில் மிதித்தார், கார் நின்று திரும்பியது. இரண்டாவதில் மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் அவரை அறியாமல் "பிடி" என்று வாய் முணுமுணுத்தது. பக்கத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தவள் ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். காப்பித் தோட்டம் வந்தபோது இழுப்பு கொஞ்சம் தணிந்தது. புளியமரங்கள் வந்தபோது அவள் கண்ணாடியை இறக்கினாள். அடிவாரத்தில், "பூண்டு நாத்தம் தாங்கலைங்க," என்றாள், ஒரே மூச்சில்.

பின்னால் திரும்பிப் பார்த்தால், மஞ்சு வந்துகொண்டிருந்தது. எல்லாம் இல்லை, பெரும்பங்கு மூடுபாறையிலேயே இறங்கிப் பழைய வேலையைத் தொடங்கிவிட்டது. காரோடு பழகிப்போன ஒரு துண்டு மட்டும், தாயைத் தேடி வருகிற கன்றுக்குட்டி மாதிரி, தார் ரோட்டில் வெயிலுக்குள் ஓடி வந்தது.

மூடுபாறையில் அப்பளம் மறுபடி நமத்துப்போனதும், அடுத்த கிறிஸ்தோபர் திருநாளில் ஊரே சேர்ந்து பானட்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச இன்னாசி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றதும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அவர் கருவைக்காடு தாண்டி, வெடித்த கண்மாய் தாண்டி, ரோசலின் வீட்டு வாசலில் பிரேக்கை மிதித்தார், கார் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மஞ்சுக்குப் பிரேக் கிடையாது. அது காரைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டது. உள்ளே ரோசலினுக்கு வலி கண்டிருந்தது. மலையில் பிறந்தவள், அந்த ஈர வாடையை மூக்கால் இழுத்துக்கொண்டு, "அம்மா வந்துட்டா," என்றாளாம், மதலேன் காரைவிட்டு இறங்குவதற்கு முன்பே.

மறுநாள் காலையில் இன்னாசி காரின் பம்பரில் உட்கார்ந்திருந்தார். மஞ்சு வெயிலில் மெலிந்துபோய் அவர் காலடியில் கிடந்தது. தண்ணீரையே அதிகம் பார்க்காத அந்த ஊர்க்காரர்கள் ஒருவரும் ஒன்றும் கேட்காமல், குடங்களைக் கொண்டுவந்து அதைச் சுற்றி வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஒரு குழந்தை அழுகை கிளம்பியது, பெரிய அழுகை, பிறகு சட்டென்று நின்றது. நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை. எழுந்து கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். போன தடவை இந்தக் கதவுக்குப் பின்னால் அழுகையே கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"மதலே," என்று கூப்பிட்டார். "என்ன ஆச்சு? ஏன் சத்தத்தைக் காணோம்?"

உள்ளேயிருந்து மதலேன், இடையில் எங்கும் அறுபடாத குரலில் சொன்னாள்:

"குடிக்குது."

இன்னாசி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குடிச்சிட்டுப் போகட்டும்," என்றார்.